குளத்து மீனுக்குத் தீனி: சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து பல வருஷம் ஆகிறது. லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு டவுன் ஓரத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் பின்பக்கம் ஒரு கேன்வாஸ் தொட்டி வைத்துக் கெலி என்கிற கெளுத்தி வகை மீன் வளர்க்கிறார்கள். கொஞ்சம் நிலம் உள்ளவர்கள் மண்குளம் வெட்டித் திலாப்பியா, பாத்தின், லம்பாம் போன்ற மீன்களை விடுகிறார்கள். நானும் பதினொரு வருஷமாக இரண்டு மண்குளமும் நான்கு தொட்டியும் வைத்திருக்கிறேன். மீன் வாங்க வருகிறவர்களும் புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் தீனியைப் பற்றித்தான். அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணே, ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடணும்?

பத்தில் ஏழு பேர் கேட்கும் முதல் கேள்வி இது. "இரண்டு டப்பா", "மூன்று கை" என்று பதில் சொல்ல முடியாது. குளத்தில் மொத்தம் எத்தனை கிலோ மீன் இருக்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கு.

திலாப்பியாவை எடுத்துக்கொள்வோம். 5, 10 கிராம் குஞ்சாக இருக்கும்போது உடல் எடையில் நூற்றுக்கு 5 அல்லது 6 பங்கு தீனி வேண்டும். 100 கிராமுக்கு வந்ததும் 3 பங்கு. 200 கிராம் தாண்டினால் 2 பங்கு போதும். விற்கிற அளவை நெருங்கும்போது ஒன்றரைக்கு இறங்கிவிடும். ஆயிரம் மீன், சராசரி 100 கிராம் என்றால் குளத்தில் 100 கிலோ மீன் இருக்கிறது. அதற்கு ஒரு நாள் தீனி 3 கிலோ. அதை இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

மீன் வளர வளர இந்தக் கணக்கு மாறும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இருபது முப்பது மீனை வலையில் எடுத்து, வாளித் தண்ணீரோடு நிறுத்துச் சராசரி பாருங்கள். இதைச் செய்யச் சொன்னால் பலருக்குச் சோம்பல். ஆனால் செலவில் பாதிக்கு மேல் தீனிக்குத்தான் போகிறது. அந்த அரை மணி நேர வேலையை விட்டால் காசு தண்ணீரில் கரைகிறது என்று அர்த்தம்.

கணக்கு போட்ட பிறகும் கடைசியில் மீனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மிதக்கும் பெல்லட்டை (குருணைத் தீனியை) முதலில் பாதி அளவு வீசுங்கள். தண்ணீர் கொதிப்பதுபோல மீன் மேலே வந்து அடித்துத் தின்னும். அப்புறம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் குறையும். மீன் ஒரு பெல்லட்டை வாயில் வாங்கி மறுபடி துப்பும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகும் தீனி மிதந்தால் நீங்கள் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். நாளைக்குக் குறையுங்கள்.

ஒரே மூலையில் கொட்டாதீர்கள். பெரிய மீன் நடுவில் புகுந்து சின்னதை விரட்டும், துடுப்பைக் கடிக்கும். பரவலாக வீசினால் இளைத்த மீனுக்கும் நாலு வாய் கிடைக்கும்.

கூடப் போட்டால் சீக்கிரம் பெரிசாகாதா?

ஆகாது. மிச்சத் தீனி அடியில் அழுகும். மீன் தின்றதிலும் எல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை.

புரதம் 32 விழுக்காடு உள்ள தீனி ஒரு கிலோ போடுகிறீர்கள் என்றால் அதில் 320 கிராம் புரதம். புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன், அதாவது 51 கிராம். மீன் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சதையாக்கிக்கொள்ளும். மீதி முப்பது கிராமுக்கு மேல் தண்ணீருக்கே திரும்பி வருகிறது, பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக. வெயில் நேரத்தில் பாசி அதிகமான பச்சைத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அப்போது அதே அமோனியா இன்னும் கொடிய விஷமாகிறது. செவுள் சிவந்து வீங்குவது, மீன் தீனியை வெறுப்பது, சின்னக் காயம் ஆறாமல் புண்ணாவது எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பம். நோய் என்று என்னிடம் கொண்டு வரும் மீன்களில் பாதிக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, "நேற்று எவ்வளவு தீனி போட்டீர்கள்?" என்பதுதான்.

கோழித் தீனி மலிவு. அதையே போட்டால் என்ன?

கோழியும் மாடும் உடம்புச் சூட்டைக் காக்கவே நிறைய எரிக்க வேண்டும். மீனுக்கு அந்தச் செலவு இல்லை, தண்ணீரின் சூடே அதன் சூடு. அதனால் மொத்தத்தில் தீனி குறைவாகத் தின்னும், ஆனால் தின்னும் தீனியில் புரதம் செறிவாக இருக்க வேண்டும். மாவுச்சத்தை எரிப்பதிலும் மீன் கெட்டிக்காரன் இல்லை. அதனால்தான் கோழித் தீனி மீனுக்குப் பொருந்தாது.

கெலிக் குஞ்சுக்குப் புரதம் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வளர்ந்த கெலிக்கு 32 முதல் 35. திலாப்பியா வளரும் காலத்தில் 28 முதல் 32 போதும். புல் தின்னும் கெண்டைக்கு இன்னும் குறைவு. மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் இந்த எண் இருக்கும். விலையைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். தேதியையும் பாருங்கள்.

பெல்லட்டின் பருமனும் முக்கியம். மீனின் வாயகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கடித்துத் துப்பி வீணாக்கும்.

கோழிக்குடல் சும்மா கிடைக்கிறதே. கெலி நன்றாகத் தின்னுதே?

தின்னும், சந்தேகமே இல்லை. பசாரில் (சந்தையில்) கோழிக் கடைக்காரர் வாளி வாளியாகக் கொடுப்பார். ஆனால் நான் போடுவதில்லை, போடச் சொல்வதும் இல்லை.

குடலில் கொழுப்பு அதிகம். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றாலே கெட்டுப்போகும். கெட்ட கொழுப்பு நேராக ஈரலைத் தாக்கும். அப்படித் தின்ற கெலியை அறுத்தால் ஈரல் வெளிறிக் குழைந்திருக்கும், வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பு கட்டியாக ஒட்டியிருக்கும். கோழிக்குடலில் உள்ள கிருமிகளும் தண்ணீருக்கு வந்துவிடும். வாடையும் ஈயும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை மூட்டும்.

இன்னொன்று, கெலி வாங்குகிறவர்களில் மலாய்க்காரர்கள் நிறையப் பேர். மீன் எதைத் தின்றது என்று கேட்டுத்தான் வாங்குவார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. "பெல்லட்தான் போடுகிறேன், மூட்டையைப் பாருங்கள்" என்று சொல்ல முடிகிறதே, அதன் மதிப்பு குடலில் மிச்சமாகும் காசை விடப் பெரிது.

கடல் மீன் கழிவு, அதாவது ஈக்கான் பாஜா போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில பச்சை மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. தொடர்ந்து அதையே கொடுத்தால் மீனுக்கு நரம்புக் கோளாறு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழியும்.

கோயில் அன்னதானத்தில் மிஞ்சின சோறு?

ஒரு அக்கா இரண்டு பானை சோற்றோடு வாசலில் வந்து நின்று கேட்டார். அன்னத்தைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை, எனக்கும் வராது. ஆனால் இரண்டு பானையையும் குளத்தில் கொட்டினால் மறுநாள் தண்ணீர் புளித்து நுரைக்கும். திலாப்பியாவுக்கும் லம்பாமுக்கும் அன்றைய வெள்ளைச் சோறு ஒரு கை இரண்டு கை போடலாம். குழம்பு, எண்ணெய், உப்பு கலந்தது வேண்டாம். கெலித் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். மீதியைக் கோழிக்குக் கொடுங்கள்.

செம்பனைப் புண்ணாக்கும் தவிடும் வைத்து நாமே தீனி செய்யலாமா?

செய்யலாம், திலாப்பியாவுக்கு. செம்பனைப் பருப்பில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கில் புரதம் 16 முதல் 18 விழுக்காடு. நம் பக்கம் மாட்டுக்குப் போடுகிறோம். மாட்டின் வயிறு அதன் நாரைச் செரித்துவிடும், மீனின் குடலுக்கு அந்தச் சக்தி இல்லை. அதனால் மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். சலித்து, செம்பனைக் கொட்டை ஓட்டுத் துணுக்கை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

மீதிக்குச் சோயாப் புண்ணாக்கு, மீன் தூள், தவிடு, கட்டிப்பிடிக்கக் கொஞ்சம் மரவள்ளி மாவு. மீனுக்கும் பத்து அமினோ அமிலங்கள் வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். தானியத்தில் லைசின் குறைவு, சோயாவில் மெத்தியோனின் குறைவு, மீன் தூளில் இரண்டும் உண்டு. அதனால்தான் விலை அதிகமானாலும் அதை அடியோடு விட முடிவதில்லை. வைட்டமின், தாதுக் கலவையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு வெறும் தவிட்டு உருண்டை போட்டுவிட்டு "மீன் வளரவில்லை" என்றால் மீன் மேல் தப்பில்லை.

வீட்டில் பிழிந்தெடுக்கும் தீனி மூழ்கிவிடும். ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அதில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தின்றது என்று தெரியும்.

கீரை, புல், அசோலா?

புல்கெண்டைக்குப் புல்தான் சாப்பாடு. இளம் நேப்பியர் புல் நல்லது. கங்கோங் கீரை, அசோலா, வாத்துப்பாசி எல்லாம் லம்பாமும் திலாப்பியாவும் ஆசையாய்த் தின்னும். மரவள்ளி இலையில் சயனைடு வரும் பொருள் உண்டு, நறுக்கி வாடவிட்டுக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்) இலையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். செம்பனைக் காட்டோரம் அறுக்கும் புல்லில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் ஒரு கத்தைகூட எடுத்து வராதீர்கள்.

எந்த நேரத்தில் போடுவது?

காலை எட்டு மணிக்கு மேல், வெயில் நன்றாக ஏறியபின். மாலையில் ஐந்து மணிக்குள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ஈப்போவில் ஒரு கல்யாணம். காலையில் அவசரத்தில் தீனி போடாமல் கிளம்பிவிட்டோம். திரும்பி வர இரவு எட்டு மணி. பாவம், நாள் முழுக்கப் பட்டினி என்று இரண்டு வேளைத் தீனியையும் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றாகப் போட்டேன். நன்றாகத்தான் தின்றன. அன்று பகல் முழுக்க மேகமூட்டம், அதை நான் யோசிக்கவில்லை. விடிகாலை ஐந்தரைக்குக் குளக்கரைக்குப் போனால் தண்ணீர் முழுக்கச் சிவப்புத் திலாப்பியாவின் வாய்கள். வட்டம் வட்டமாகத் திறந்து மூடித் திறந்து மூடி. ஒரு மீன் என் காலடியில் கரையை முட்டிக்கொண்டு நின்றது, கையை விட்டுத் தூக்கினேன், துள்ளக்கூட இல்லை. பம்பைப் போட்டுத் தண்ணீரை வாரி அடித்தும் எழுபது எண்பது மீன் போய்விட்டது. எல்லாம் பெரிய மீன், அதிகம் தின்ற மீன்.

காரணம் இதுதான். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்சு விடும். குளத்தில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன். வயிறு நிறைந்த மீனுக்குச் செரிக்கவே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். மேகமூட்ட நாளில் சேமிப்பும் குறைவு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மீன் தாங்காது. அதனால் மழை நாளிலும் புகைமூட்டக் காலத்திலும் தீனியைப் பாதியாக்குங்கள். விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தால் அன்று தீனியே வேண்டாம். ஒரு வேளை தவறினால் தவறியதாகவே இருக்கட்டும், மறுவேளையில் சேர்த்துப் போட வேண்டாம்.

கெலிக்கு நேராகக் காற்றைக் குடிக்கும் உறுப்பு இருக்கிறது, இந்த விதத்தில் சாகாது. ஆனால் அமோனியா அதையும் விடாது.

கெலிக் குஞ்சு ஒன்றை ஒன்று தின்னுதே?

பசியும் அளவு வித்தியாசமும்தான் காரணம். பொரித்த குஞ்சுக்கு மூன்று நாள்வரை மஞ்சள்கருப் பை போதும். அப்புறம் குத்து ஆயர் என்கிற தண்ணீர்ப்பூச்சி, ஆர்டிமியா போன்ற உயிர்த்தீனி, பிறகு தூள் தீனி. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. கெலி இரவில் தேடித் தின்னும் மீன், அதனால் குஞ்சுத் தொட்டிக்கு மட்டும் இருட்டிய பின் ஒரு வேளை கொடுப்பேன், காற்றுக்குழாய் ஓடும்போது மட்டும். ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை பெரியதைப் பிரித்து வேறு தொட்டியில் விடுங்கள். பிரிக்காவிட்டால் ஒரு மாதத்தில் பத்துக் குண்டு மீனும் காலித் தொட்டியும்தான் மிஞ்சும்.

சில மீனுக்கு முதுகு வளைந்திருக்கிறது. பரம்பரையா?

சில சமயம் இருக்கலாம். ஆனால் ஒரே தொட்டியில் நிறைய மீனுக்கு வந்தால் முதலில் சி வைட்டமினைச் சந்தேகியுங்கள். மனிதனைப் போலவே நாம் வளர்க்கும் இந்த மீன்களுக்கும் சி வைட்டமினை உடம்பில் செய்துகொள்ளத் தெரியாது. அது இல்லாவிட்டால் எலும்பையும் தோலையும் பிணைக்கும் கொலாஜன் சரியாக உருவாகாது. முதுகெலும்பு வளையும், துடுப்பு அடியில் ரத்தம் கட்டும். கெலிக்குத் தலையோட்டில் விரிசல் விழும், தலைக்கு மேல் சிவந்த கோடாகத் தெரியும். வளைந்த முதுகு நிமிராது. தீனியை மாற்றினால் மற்ற மீன்கள் தப்பும்.

தீனியில் சி வைட்டமின் சேர்த்துத்தான் விற்கிறார்கள். சூட்டிலும் ஈரத்திலும் நாள்பட அது அழிந்துவிடுகிறது. தகரக் கொட்டகையில் ஆறு மாதம் கிடந்த மூட்டையில் எவ்வளவு மிஞ்சும்? மலிவு என்று ஒரு கடையில் பழைய மூட்டை ஐந்து வாங்கி வந்து ஒரு தொட்டிக் கெலியை நான் இப்படித்தான் கெடுத்தேன்.

மூட்டையைப் பலகை மேல் வையுங்கள், சுவரை ஒட்ட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேல் தேக்காதீர்கள். பிரித்த மூட்டையை மூடியுள்ள தொங்கில் (பீப்பாயில்) கொட்டுங்கள். பச்சையாகவோ சாம்பலாகவோ பூஞ்சை பிடித்தால், கட்டிதட்டினால், எண்ணெய் கெட்ட வாடை வந்தால் மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். காயவைத்து உதறினால் பூஞ்சை போகும், அது விட்டுவைத்த அஃப்ளாடாக்சின் என்ற நச்சு போகாது. 1960 வாக்கில் அமெரிக்கப் பண்ணைகளில் டிரௌட் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் கூட்டம் கூட்டமாக வந்தது, தீனியில் கலந்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இந்த நச்சு இருந்ததால்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் இதற்கு ரொம்பச் சுலபமாக இரையாகும்.

கறுப்பு ஈப் புழு வளர்க்கிறார்களே, அது நல்லதா?

நல்லது. காய்கறிக் கழிவில் வளரும், காய்ந்த எடையில் புரதம் ஏறக்குறைய 40 விழுக்காடு. கெலிக்கு உயிர். ஆனால் கொழுப்பும் நிறைய, தனியே அதை மட்டும் கொடுக்காமல் பெல்லட்டோடு கால் பங்கு சேருங்கள். அழுகிய இறைச்சியில் வளர்த்த புழு வேண்டாம்.

மீன் சாகிறது. தீனியில் மருந்து கலக்கலாமா?

தம்பி, நோயுற்ற மீன் தின்னாது. நீங்கள் கலந்த மருந்தை நன்றாயிருக்கும் மீன்தான் தின்னும். எந்தக் கிருமி என்று தெரியாமல் கலப்பது யாருக்கும் நல்லதில்லை. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் வகைக் கிருமிக்கொல்லி மருந்துகள் உணவுக்கான மீனுக்குத் தடை செய்யப்பட்டவை. குளோராம்ஃபெனிகால் மனிதர் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே செயலிழக்க வைக்கும். மீன்வளத் துறை மாவட்ட அலுவலகத்துக்கு உயிருள்ள நோய் மீனைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அதுவரை செய்யக்கூடியது, தீனியை நிறுத்துவது. வெயில் காலத்தில் திலாப்பியாவின் கண் பிதுங்கி, சுழன்று சுழன்று நீந்தினால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிதான். அந்த நேரத்தில் தீனி போடப் போடச் சாவு கூடும், நிறுத்தினால் குறையும். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும்.

திலாப்பியாவுக்கு ஹார்மோன் தீனி கொடுக்கிறார்களாமே?

குஞ்சுப் பண்ணைகளில் கொடுப்பது உண்டு, பொரித்த முதல் மூன்று நான்கு வாரம் மட்டும், எல்லாம் ஆணாக வளர்வதற்காக. பெண் திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், அந்த நாள்களில் ஏறக்குறைய எதையும் தின்னாது. இளைத்து, வளர்ச்சி நின்றுவிடும். நீங்கள் வாங்கும் குஞ்சு விற்பனைக்கு வர இன்னும் ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குள் அந்த ஹார்மோன் உடம்பை விட்டு வெளியேறிவிடும். வளர்க்கும் தீனியில் ஹார்மோன் எதற்கும் தேவையில்லை. நல்ல வளர்ச்சிக்கு நல்ல வம்சக் குஞ்சுதான் வழி. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் என்ற மேம்பட்ட வம்சத் திலாப்பியாவை நம் கெடா ஜித்ராவில் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

புரட்டாசியில் மீன் போகாது. தீனியை நிறுத்திவிடலாமா?

நம்மவர்கள் பாதிப் பேர் விரதம், தைப்பூசத்துக்கு முன்னாலும் அப்படித்தான். மீன் விற்கும் அளவில் நிற்கும், தினமும் தீனி கேட்கும். முழுத் தீனி போட்டால் நஷ்டம், கொழுப்பும் ஏறும். அடியோடு நிறுத்தினால் மீன் இளைக்கும், கெலி ஒன்றையொன்று கடித்துக் காயமாக்கும். உடல் எடையில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு, ஒரே வேளை, பரவலாக வீசுங்கள். எடை ஏறாது, இறங்கவும் இறங்காது. ஒரு மாதம் பசியில் வைத்திருப்பது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். நம் வாளிச் சத்தம் கேட்டாலே ஓடி வருகிற ஜீவன் அது.

இன்னும் நல்லது, குஞ்சு விடும் மாதத்தைக் கணக்குப் பார்த்து விடுவது. கெலிக்கு மூன்றரை மாதம் என்று வையுங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன் பிடிக்கிற மாதிரி பின்னோக்கி எண்ணுங்கள்.

விற்கும் முன் பட்டினி போடச் சொல்கிறார்களே, மண் வாடை போகவா?

இரண்டும் வேறு. வண்டியில் ஏற்றும் முன் 24 மணி நேரம் தீனி நிறுத்துவது, வழியில் கழிவு போட்டுத் தண்ணீரைக் கெடுத்துச் சாகாமல் இருக்க. அதற்கு மேல் தேவையில்லை.

மண் வாடை வருவது நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரும் விடும் ஜியோஸ்மின் என்ற பொருளால். அது மீனின் கொழுப்பில் தங்கும். அதிகத் தீனி போட்டுப் பச்சைக் குழம்பான குளத்தில்தான் அது மிகுதி. சுத்தமான ஓடும் தண்ணீரில் சில நாள் விட்டால் வெளியேறும். நான் நெருக்கமில்லாமல், நிழல் போட்ட தொட்டியில் விடுவேன். மூன்றாம் நாள் ஒன்றைப் பிடித்து உப்பில்லாமல் வேகவைத்துத் தின்று பாருங்கள். வாடை இருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.